இருபத்துநாலு அங்குலம்

பழையது மாரியோடு போனது.
பின்மூடியைக் கழற்றிய நிஃப்ராஸ்
செம்பில் படர்ந்திருந்த பச்சையைக் காட்டி
"உப்பு, மிஸ்" என்றான்,
தெரிந்த ஆளொருவரின் பெயரைச் சொல்வதுபோல.
டொக்யார்ட் வீதியில் என் ஜன்னல்
கடலுக்கு நேரே.
வாடைக்காற்று உள்ளே குடிவந்து
முதலில் விசைப்பலகையின் 'ழ'வைத் தின்றது.
அடுத்த மாதம் வாங்கலாம், அடுத்த மாதம் என்று
எழில்வாணனுக்கும் பழனியாண்டிக்கும்
வேறெங்கிருந்தோ ஒரு 'ழ'வை வெட்டி ஒட்டினேன்.
என் முத்திரைக்கு மேலே வரும்
'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்பதற்கும்
அதே 'ழ'.

மத்திய வீதிக் கடையில்
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.
மடிக்கணினி ஒன்றரைக் கிலோ,
கரண்ட் போனாலும் நாலு மணித்தியாலம் தாங்கும்.
மற்றதுக்கு யூபிஎஸ் தனிக்காசு,
ஆனால் பழுதானதை மட்டும் மாற்றலாம்.
"மிஸ் மூதூருக்கும் போறீங்கதானே?"
உண்மைதான்.
புதன்கிழமைகளில் பிரதேச செயலக வாசலில்
சொப்பிங் பையில் சுற்றிய உறுதிகளோடு நிற்பார்கள்.
பஸ் கிண்ணியாப் பாலம் ஏறி இறங்குமுன்
இரண்டு பக்கம் அடித்துவிடலாம்.
பிறேமகௌரியும் போனில் அதையே சொன்னாள்:
"ஆர் இந்தக் காலத்தில மேசையோட கட்டுண்டு கிடக்கிறது?"
தவநேசன் விலையை மட்டும் கேட்டார்,
இரண்டு தரம்.

முடிவெடுத்தாயிற்று என்றுதான் நினைத்தேன்.
மடிக்கணினியைத் திறந்து
ஒரு மரணச் சான்றிதழின் தலைப்பை அடித்துப் பார்த்தேன்,
விரல் பழக்கம்.
நிமிர்ந்தால் எதிர்க்கதிரையில் நிஃப்ராஸ்
முழுதாய்த் தெரிந்தான்.
நானும் அவனுக்கு.

பதினொரு வருடமாய்
என் மேசைக்கு எதிரே இருந்தவர்கள் கண்டது
ஒரு திரையின் முதுகு,
இரண்டு வயர், உரிந்த ஸ்டிக்கர்.
அதற்கு இந்தப் பக்கத்தில்தான்
'காரணம்' என்ற கட்டத்துக்கு நான் வருவேன்.
வயது நான்கு. நீரில் மூழ்கல்.
சிலதில் 'இறந்த இடம்' என்பதற்கு எதிரே
தெரியாது என்றிருக்கும்.
அதை மூன்று மொழியிலும் எழுத எனக்குத் தெரியும்.
அப்போதெல்லாம் என் வாய் ஒரு பக்கம் கோணும்.
கண்ணாடியைக் கழற்றுவேன், போடுவேன்.
அந்தப் பக்கத்தில் அவர்கள்
விசைச் சத்தத்தைக் கேட்டபடி
பையின் காதைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.
அவர்களுக்கு வேண்டியது சான்றிதழ்.
என் முகத்தையும் தூக்கிக்கொண்டு
பஸ் ஏற முடியாது அவர்களால்.

"இந்த மொனிட்டர் எவ்வளவு உயரம்?"
"இருபத்துநாலு இஞ்சி மிஸ், மூலைக்கு மூலை."
"மூலை வேண்டாம் தம்பி, நிமிர்ந்து நிண்டால் எவ்வளவு?"
அவன் அளவுநாடா தேடப் போனான்.
வந்தவனை எதிரே இருத்தி
நான் பின்னால் போய் அமர்ந்தேன்.
"என்ர முகம் தெரியுதா?"
"நெத்தி தெரியுது."
கதிரையைப் பதித்தேன்.
"இப்ப?"
"இல்ல மிஸ்."
வாயைக் கோணிப் பார்த்தேன்.
நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
"என்ன மிஸ் செய்றீங்க?"
"ஒண்டுமில்லை. பில்லைப் போடுங்கோ."

மூதூருக்குக் கொப்பி கொண்டுபோவேன்.
கையால் எழுதிவந்து இங்கே அடிப்பேன்.
அவர்கள் இன்னொரு நாள் கூலியை விட்டு
இன்னொரு தரம் வரவேண்டியிருக்கும்.
இதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

ஓட்டோவுக்குள் மொனிட்டரைச் சாய்த்து நிறுத்தியபின்
பெட்டிக்கு இடமில்லை.
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மானொன்று
அட்டையின் மூலையை முகர்ந்து,
கடித்து, துப்பிவிட்டுப் போனது.
ஏழு கிலோ மேசைக்கணினி
டொக்யார்ட் வீதிவரை
என் மடியில் வந்தது.