ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால்
வாட்டர் கேன் கடைக்கு மேலே எங்கள் பார்லர்.
படி செங்குத்து. ஏறி வந்த யுவராணி
மூச்சு வாங்கிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
முடி,
பூட்டிவைத்த கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல
வெளியே வந்தது.

இந்த அடர்த்திக்கு ஐயாயிரத்து இருநூறு என்றேன்.
சீட்டு எடுத்த காசில் நாலரை எண்ணி வைத்தாள்.
மீதி அடுத்த சம்பளத்தில்.

பரட்டை என்று கூப்பிட்டவர்களின் பட்டியல்
நான் கேட்காமலே வந்தது:
நாலாம் வகுப்பு மிஸ்,
ஷேர் ஆட்டோவில் முகத்தைத் துடைத்துக்கொண்ட பெண்,
பாஸ்போர்ட் போட்டோ எடுத்த பையன்,
அப்புறம் பெரியப்பா.
'அவரு மட்டும் வேற மாதிரி கூப்புடுவாரு.'
எந்த மாதிரி என்று கேட்கவில்லை.
மாஸ்க் போட்டிருந்தேன், கையில் பிரஷ்.

ஜன்னல் இரண்டையும் திறந்து
ஃபேனைத் தெருப் பக்கம் திருப்பினாலும்
மருந்து கண்ணை எரிக்கும், கன்னத்தில் வழியும்.
ஃபார்மலின் இல்லை என்று டப்பாவில் எழுதியிருக்கிறது.
என் மூக்குக்குப் படிக்கத் தெரியாது.

இருநூற்று முப்பது டிகிரி. ஒரு பிடிக்கு எட்டு இழுப்பு.
சாயங்காலம் ஆறு மணிக்கு
கண்ணாடியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்கு இவள் வணக்கம் வைக்காத குறை.

எழுபத்திரண்டு மணி நேரம், என்றேன்.
தண்ணி படக் கூடாது. வேர்க்கக் கூடாது.
கட்டாதே, கிளிப் குத்தாதே, காதுக்குப் பின்னால் ஒதுக்காதே.
உப்பு ஆகவே ஆகாது. கடல் பக்கம் போகாதே.
'வூடே காசிமேட்லதாங்க்கா.'
அப்படியானால் ஜன்னலைச் சாத்திக்கோ.

முப்பத்தோராவது மணி நேரத்தில் போன்.
'அக்கா, பெரியப்பா பூட்டாரு.'
கொஞ்ச நேரம் நாய் குரைப்பு மட்டும்.
பிறகு, வெட்கப்பட்ட குரலில்:
'தலைக்கு ஊத்தச் சொல்வாங்க.'

காலையில் போனேன்.
பையில் டிரையர், அயர்ன், உப்பில்லாத ஷாம்பு.
மாலை வாங்கவில்லை என்பது
தெருமுனையில்தான் உறைத்தது.

ஒரே அறை. ஒரே பிளக் பாயிண்ட்.
அதில் ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.
ஐஸ் பேக்டரியில் முப்பது வருஷம் பாளம் தூக்கியவர்,
வாடகைக் குளிரில், கையைக் கட்டிக்கொண்டு.

எல்லாத் தலையும் அவிழ்ந்து கிடந்தது.
அவளுடையது மட்டும் இஸ்திரி போட்டதுபோல.
'சாவுக்கும் சீவி சிங்காரிச்சிகினு வந்துக்கீறா பாரு.'
சொன்னது யாரென்று யாரும் திரும்பவில்லை.
பெரியம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.
இடது காதுக்கு மேலே, நான் கடைசியாக இழுத்த பிடியில்
கன்னத்தைப் புதைத்து அரை மணி நேரம் அழுதாள்.
உப்பு ஆகவே ஆகாது.
நான் செருப்புகளோடு வாசலில் நின்றேன்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள்.
மோளம் தெருவைத் தாண்டுவதற்குள்
பெட்டிக்காரப் பையன் வயரைச் சுருட்டிவிட்டான்.
சுவரில் மூன்று ஓட்டைகள், காலியாக.
நான் ஜிப்பைப் பாதி திறந்தேன்.
அவள் பையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.
பிறகு அடிபம்ப் குடத்துக்கு முன்னால் குனிந்து
'ஊத்துங்க' என்றாள்.

மூன்றாவது சொம்பில்
நெற்றியோரம் ஒரு முடி, கூப்பிட்டதும் திரும்புவதுபோல, எழுந்தது.

காரியம் முடிந்து பாக்கி எழுநூறோடு வந்தாள்.
வேண்டாமென்றேன். சீப்புக்கு அடியில் செருகிவைத்தாள்.
மேலே சுருள், கீழே நேர்; இரண்டு பேர் ஒரே பாயில் படுத்ததுபோல.
ஹெல்மெட்டுக்குள் முன்முடி மட்டும் போக மறுத்தது.

பாதிப் படியில் இறங்கியவளைக் கேட்டேன்:
எந்த மாதிரி கூப்பிடுவார்?
நின்று, திரும்பி, சொன்னாள்.
கீழே லாரியிலிருந்து காலிக் கேன்களை உருட்டினார்கள்.
வாயசைந்தது மட்டும் தெரிந்தது.