நான்காவது பத்தி

பட்ஜெட் புத்தகங்கள் வெள்ளிக்கிழமை மாலை வந்தன,
தார்ப்பாய் கிழிந்த லாரியில், மழையோடு.
செவ்வாய் காலை வாக்கெடுப்பு.
ஒரு புத்தகம் எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நான் குழுவின் எழுத்தர்.
எத்தனை புத்தகம் என்று எண்ணி வாங்குவது என் வேலை.
உள்ளே இருப்பதை எண்ண ஆள் கிடையாது.

லிலோங்வேயில் மார்ச் மாதம்
நான்கு மணிக்கு மின்சாரம் போகும்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை;
டீசலுக்கான தொகை எண்பத்தெட்டாம் பக்கத்தில்
பத்திரமாக இருக்கிறது.

தலைப்பைப் படிப்பார்கள். "ஆம்" என்பார்கள்.
தேநீர் ஆறுவதற்குள் ஓர் அமைச்சகம் நிறைவேறிவிடும்.
கல்விக்குப் பதினோரு நிமிடம்,
தண்ணீருக்கு ஆறு.
"இதர செலவுகள்" வரிக்கு யாரும் நேரம் கேட்டதில்லை.
கேட்பாரில்லாத அந்த வரிதான்
வருடா வருடம் உடம்பு வைத்தது.

அந்த வருடம் புதிதாக வந்திருந்தார் ஃப்ளைவெல் முசுக்வா.
கரோங்காவில் ஏரி மீனை மொத்தமாக வாங்கி விற்றவர்.
கடன் நோட்டு எழுதிய கை.
கொடுத்தது ஒரு பக்கம், வந்தது எதிர்ப் பக்கம்.

"நானூற்றுப் பதின்மூன்று," என்றார்.
"எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஆழ்துளைக் கிணறு.
போன வருடப் புத்தகத்திலும் இருக்கிறது.
அதற்கு முந்தியதிலும் பார்த்தேன், இருக்கிறது.
ஆக மூன்று கிணறு.
பிள்ளைகள் இன்னும் ஆற்றில்தான் மொள்கிறார்கள்."

நிதித்துறை அதிகாரி பொறுமையாக விளக்கினார்:
"மாண்புமிகு உறுப்பினரே, ஒதுக்கியது வேறு, விடுவித்தது வேறு.
விடுவித்தது வேறு, செலவழித்தது வேறு.
செலவழித்தது வேறு..."
அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது
மணி நான்கானது.

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
நாங்கள் மூன்று முறை அளந்திருக்கிறோம்.
எந்த ஆறு என்றுதான் தெரியவில்லை.

தலைவி எனெலெஸ் கம்வெண்டோ
அதற்குப் பிறகு இரண்டு வருடம் விடவில்லை.
புத்தகம் அறுபது நாள் முன்னால் வர வேண்டும்.
கணக்குப் பார்க்க நான்கு பேர் கொண்ட அலுவலகம் வேண்டும்
(இரண்டு பேர்தான் கிடைத்தார்கள், ஒரு நாற்காலியுடன்).
இன்னொன்று, ஒவ்வொரு வரிக்கும் எதிரே
நான்காவதாக ஒரு பத்தி:
சென்ற முறை கொடுத்தது என்ன ஆனது?

நிதித்துறை எழுதிய பதிலைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.
"தாளில் இடமில்லை."

அன்றிரவு வீட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு
ஒரு தாளை எடுத்துப் படுக்கவாட்டில் திருப்பினேன்.
இடம் இருந்தது.
பதினெட்டு வருட வேலையில்
அரசாங்கத்துக்கு நான் சொன்ன யோசனை அது ஒன்றுதான்.

முதல் வருடம் பத்தி காலியாக வந்தது.
பக்கம் பக்கமாகச் சிறு கோடுகள்,
வரிசையாகச் செத்த எறும்புகள்.
இருந்தாலும் அவற்றைக் கண் கடக்க முடியவில்லை.
"இந்தக் கோடு என்ன?" என்றார் ஓர் உறுப்பினர்.
அடுத்தவர் தன் கோட்டைக் கேட்டார்.
தண்ணீருக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது.
மூன்று முறை தேநீர் மாற்றினேன்.

இரண்டாம் வருடம்,
இப்போது வேறு எண்ணுள்ள பக்கத்தில்,
முசுக்வாவின் பள்ளிக்கு எதிரே இப்படி இருந்தது:
"துளையிடப்பட்டது. அறுபத்தோரு மீட்டர். நீர் இல்லை."

விரலை வைத்து மறுபடி மறுபடி படித்தார்.
கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.
"யாரோ போயிருக்கிறான்," என்றார் மெதுவாக.
"போய் நின்று, குனிந்து பார்த்திருக்கிறான்."

பிறகு எழுந்து,
அதே தொகையைக் குன்றின் கீழ்ப்புறத்துக்கு
மாற்றக் கோரித் திருத்தம் கொண்டுவந்தார்.
அவை என்னைப் பார்த்தது.
பட்ஜெட் திருத்தத்துக்கு ஒரு படிவம் உண்டு.
அலமாரியின் கடைசித் தட்டில் கண்டெடுத்தேன்,
தட்டச்சு எந்திரக் காலத்தது,
ஓரங்களைக் கரையான் தின்றது,
ஒருமுறைகூட நிரப்பப்படாதது.

அவரிடம் பேனா இல்லை.
என்னுடையதைக் கொடுத்தேன்.