ஆறு

செவ்வாய்க்கிழமை வரை
இரண்டாம் நம்பர் பம்பில் டீசல் அடித்தேன்.
மறுநாள் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல்
ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட,
சிங்கப்பூரிலிருந்து முதலாளி ஒரே வரி:
"இனிமே நீ பாத்துக்க, உமையாள்."

எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

தேவகோட்டை ரஸ்தாவில்
வெயில் எட்டு மணிக்கே டூட்டிக்கு வந்துவிடும்.
எனக்கு ஏ.சி. அறை, சுழல் நாற்காலி.
உட்கார்ந்த வேகத்தில் அது என்னைச்
சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
என் டிபன்பாக்ஸில் கைவிட்டுத் தின்றவர்கள்
என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.
வாங்கி வந்த டீயை மட்டும் குடித்தார்கள்.

ஒரு வாரம் பழைய மேனேஜரின் குரலில் பேசினேன்.
"என்னய்யா நடக்குது இங்க?"
சாத்தையாவுக்குச் சிரிப்பு வந்தது,
காற்றடிக்கும் பக்கம் போய்ச் சிரித்தார்.

சனிக்கிழமை முகூர்த்தம்.
கானாடுகாத்தானுக்கு வழி கேட்டுக் கேட்டு
விடிய விடியக் கார்கள்.
காலையில் கணக்கு இடித்தது:
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் குறைவு.
சேவுகன் ஷிப்ட்.
எல்லார் முன்னாலும் கேட்டேன்.
அவன் வாயைத் திறக்கவில்லை,
சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான்.
ஒரு குன்றக்குடி விபூதிப் பொட்டலம்.
அது மடிப்பு விட்டுத் தரையில் கொட்டியது.

ராத்திரி தூக்கம் பிடிக்காமல்
ரீடிங் நோட்டைத் திரும்பப் புரட்டினேன்.
தொடக்க ரீடிங்கில் கடைசி எண் ஏழு.
ஒன்று என்று எழுதியிருந்த கை
என்னுடையது.
ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவே
ஆறு லிட்டர், லிட்டர் நூற்றிரண்டு.

ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
கதவைச் சாத்திக்கொண்டு,
"மனசுல வச்சுக்காதப்பா" என்று.
கேட்டது வெட்டவெளியில் அல்லவா.

காலை ஷிப்ட் மாறும் நேரம்,
பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க,
அடைக்கலமேரி துடைப்பத்தோடு நின்று பார்க்க,
"தப்பு என்னோடது, சேவுகா" என்றேன்.
குரல் உடைந்தது.
இந்தத் தடவை அது என் குரல்.

"வண்டி நிக்குதுக்கா" என்றான்.
போய்விட்டான்.

இப்போது ரீடிங்கை இருவர் பார்க்கிறோம்,
ஒருவர் படிக்க ஒருவர் எழுத,
அடியில் என் கையெழுத்தும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
விலை மட்டும் கொடுத்தேன்.

முதலாளி கேட்டார், எல்லாம் சரியா?
பாத்துக்கிட்டு இருக்கேன் என்றேன்.

தினமும் டீ ஆறு சொல்கிறேன்.
ஐந்து தம்ளர் காலியாகும்.
ஆறாவது ஆறிக்கொண்டிருக்கும்,
ஏடு படிந்து,
ஆயில் டப்பாக்களுக்குப் பக்கத்தில்.

நாளைக்கும் ஆறுதான்.