சாவி வண்டியில் இல்லை

ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
ஓசூர் பஸ் நகரத் தொடங்கியிருந்தது.
வண்டியை ஓடவிட்டபடியே இறங்கி ஓடினார் திம்மராயன்.
டிபன் பாக்ஸை மறக்கவில்லை, குடையைக்கூட.
நான் சுற்றிவந்து உட்கார்ந்து
இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.
வண்டி மூன்று முறை கீச்சிட்டது.
பெல்ட்டைக் கேட்கிறது என்று பெல்ட்டைப் போட்டேன்.

அவதானப்பட்டி ஏரி தெரியும்போதுதான் கவனித்தேன்,
வேகமுள்ளுக்குக் கீழே மஞ்சள் எழுத்து:
சாவி வண்டியில் இல்லை.

எண்பதில் போய்க்கொண்டிருக்கிறேன்.
இல்லையாம்.

ஓரம் கட்டிப் போன் போட்டேன்.
நாலாவது முறைதான் எடுத்தார், குருபரப்பள்ளி வந்துவிட்டதாம்.
பஸ் டிவியில் யாரோ யாரையோ அறைகிற சத்தம்.
பிறகு பேண்ட் பையைத் தடவிப் பார்க்கிற மௌனம்.
“அமத்திடாத” என்றார்.
சிக்னலில் பத்து நொடி நின்றாலே
டீசல் என்ன தண்ணியா என்று கேட்கிற மனுஷன்.
“எங்கயும் அமத்திடாத. அமத்தினா அவ்வளவுதான்.”

ஓடுவதற்குச் சாவி தேவையே இல்லை
என்பது இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.
கிளம்பத்தான் வேண்டுமாம்.
காவேரிப்பட்டணத்தில் திரும்பாமல் விட்டால்
தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம்.
டேங்க்கில் முக்கால் இருக்கிறது,
கன்னியாகுமரி வரைக்கும் ரோடு இருக்கிறது.
பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன்.
முன்னால் போன கோழி வண்டியின்
இறகு ஒன்று கண்ணாடியில் ஒட்டிப் பறக்கிறவரை யோசித்தேன்.
பிறகு இண்டிகேட்டர் போட்டேன்.
ஆலை வாசலில் பெங்களூரா லோடு
இருபத்திரண்டு லாரி எனக்காக நிற்கிறது.

‘உள்ளே வரும் வாகனங்கள் என்ஜினை அணைக்கவும்’
என்ற பலகைக்குக் கீழே
வாட்ச்மேன் முனிரத்தினம் கை காட்டினார்.
சொன்னேன்.
“சாவி பஸ்ல போவுது, வண்டி இங்க ஓடுதா?”
பின்சீட்டில் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று
கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்.
பிறகு எடைமேடைக்கு அந்தப்பக்கம்,
பலகை தெரியாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் போக முடியாது.
சாவி இல்லாமல் கதவும் பூட்டாது,
எவன் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம்.
நசீமா சாம்பிள்களை ஜன்னலுக்கே கொண்டுவந்தாள்.
ஏசியில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொட்டாகக் கண்ணாடியில் தடவி,
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி இனிப்பைப் படித்தேன்.
பதினாலரை. பதினாலு. மறுபடி பதினாலரை.
ஒரு லோடு பதினொன்று. திருப்பி அனுப்பினேன்.
“காருக்குள்ளயே கோர்ட்டு நடக்குது” என்று
போகிறபோது டிரைவர் திட்டினான், சிரித்துக்கொண்டேதான்.

நடுவில் டாஷ்போர்டு அறையைத் திறந்தேன்.
ஃபாஸ்டேக் காகிதம், ஒரு நிப்பட்டுப் பொட்டலம்,
கவர்கூடப் பிரிக்காத புத்தகம்.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது.
இரண்டு முறை படித்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு வந்தார்,
அரைநாள் சம்பளம் போன முகத்தோடு.
கதவைத் திறந்து உள்ளே குனிந்ததுமே
மஞ்சள் எழுத்து தானாக மறைந்தது.
மாதத் தவணை என் கணக்கிலிருந்துதான் போகிறது.
வண்டிக்கு அதெல்லாம் தெரியாது.
அவர் பார்த்தது டீசல் முள்ளை.

“இன்னொரு சாவி எங்க?”
“பீரோல. நீ தொலச்சிடுவ.”

சாயங்காலம் பீரோவைத் திறந்தேன்.
கல்யாணப் பட்டுப் புடவைக்கு அடியில்,
ஷோரூம்காரன் போட்டுக் கொடுத்த பாலிதீனிலேயே
இருந்தது. அமுக்கினேன்.
வண்டி அசையவில்லை. பேட்டரி செத்திருந்தது.

கைப்பிடிக்குள்ளிருந்து சின்ன இரும்புச் சாவியை உருவிக்
கதவைத் திறந்தேன்.
பிரேக்கை மிதித்தேன்.
செத்த சாவியை அந்தப் பொத்தான்மேலேயே ஒட்டி வைத்தேன்,
படத்தில் போட்டிருந்த மாதிரி.
வண்டி ஒரு நிமிஷம்போல் யோசித்தது. ஒரு நொடிதான் இருக்கும்.

வாசலுக்கு ஓடிவந்த திம்மராயன்
பேண்ட் பையைத் தட்டிப் பார்த்தார்.
அவருடையது அங்கேயேதான் இருந்தது.