ஒன்பதாவது ஜோடி

ஆங்கரேஜில் பிப்ரவரி என்றால்
காலை ஒன்பதுக்கும் விளக்கு வேண்டும்.
சொல்லாமல் போகவேண்டும் என்பது விதி.
சொல்லாமல்தான் போனேன்.
கழுத்தில் நகராட்சி அட்டை,
பையில் அளவுநாடா, வெப்பமானி,
பதினான்கு பக்கப் படிவம்.

லாகி ஃபுய்மாவோனோ கதவைத் திறந்தாள்,
இடுப்பில் ஒன்று, காலைக் கட்டியபடி ஒன்று.
"பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க."
கழற்றினேன்.
அதிகாரமும் கொஞ்சம் கூடவே கழன்றது.
இடது காலுறையில் ஓட்டை.

குனிந்தபோது எண்ணிவிட்டேன்
(வேண்டுமென்று செய்வதில்லை,
சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணுகிற கண்
இந்த வேலையில் வந்துவிடுகிறது):
சுவரோரம் ஒன்பது ஜோடி குட்டி பூட்ஸ்.
உரிமத்தில் எட்டு.

வாயைத் திறக்கவில்லை. வேலையைத் தொடங்கினேன்.
குழாய் வெந்நீர், சூடு அளவுக்குள். சரி.
தீயணைப்பான், முள் பச்சையில். சரி.
மருந்துகள் உயரத்தில், பூட்டுக்குள். சரி.
தொட்டிலில் தலையணை இல்லை, பொம்மை இல்லை,
கைக்குழந்தை மல்லாந்து
எல்லோரையும் நம்பித் தூங்குகிறது. சரி.

புகைமணியின் பொத்தானை அழுத்தினேன்.
ஆறு பேர் காதைப் பொத்தினார்கள்.
ஒருத்தன் மணியோடு போட்டிக்கு ஊளையிட்டான்.
கைக்குழந்தை ஒரு கண்ணைத் திறந்து மூடியது.
எட்டாயிற்று.
துவைக்கும் அறைக் கதவுக்குப் பின்னால்
யாரோ அழத் தொடங்கினார்கள்.

லாகி என்னைப் பார்க்காமல் போய்த் திறந்தாள்.
நியாமல், நான்கு வயது,
சூடான துண்டுகள் நிறைந்த கூடையில்,
கையில் பாதி பிஸ்கட்.

"இவ அம்மா ஏர்போர்ட்டில சரக்கு பிரிக்கிறா.
எப்பவும் பாத்துக்கிறவளுக்குக் காய்ச்சல்.
என்ன பண்ணச் சொல்றீங்க,
பனியில நிறுத்திட்டுப் போன்னா?"

நியாயமான கேள்வி.
எட்டு என்பதும் யாரோ உருட்டிய தாயம் அல்ல.
ஒருத்திக்குக் கை இரண்டு.
புகை நிறைந்த அறைக்குள்
எத்தனை தடவை போய்த் திரும்ப முடியும் என்று
எப்போதோ எங்கோ ஒரு வீடு
கணக்குப் போட்டுக் காட்டியிருக்கும்.
அப்புறம்தான் அது சட்டம்.

ஒன்பதுகூட இல்லை, லாகி,
அந்த மூடிய கதவுதான்.
கணக்கில் இல்லாத பிள்ளையை
யாரும் தேடி உள்ளே போகமாட்டார்கள்.

இதைச் சொல்ல நினைத்தேன்.
"அம்மாவுக்குப் போன் பண்ணுங்க" என்றேன்.

தூங்கும் அறையின் சன்னல் அளவில் சரி,
திறந்தால் மார்பளவு பனி, வெளியேற வழியில்லை.
"இப்பவே எடுத்துட்டா எழுதமாட்டீங்கதானே?"
"சரிசெய்ததுன்னு எழுதுவேன்."
"நான் வெளிய போனா, இதுங்க ஒம்பது பேரோட நீங்க."

யோசித்தேன்.
மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடியில் ஏழு மூக்குகள் அப்பியிருந்தன.
அள்ளிக் கொட்டிய ஒவ்வொன்றையும்
உரக்க எண்ணினார்கள்,
பதினொன்றுக்குப் பிறகு
அவரவருக்குத் தெரிந்த எண்ணில்.

பதினொரு மணிக்கு நியாகிம் வந்தாள்.
ஆரஞ்சு மேல்சட்டை, முழங்கையில்
எந்தப் பெட்டியிலிருந்தோ ஒட்டிய நாடா.
என் அட்டையைப் பார்த்தாள், என்னை அல்ல.
மகளின் காலை பூட்ஸுக்குள் நுழைத்து
ஒரு வார்த்தை பேசாமல் தூக்கிக்கொண்டாள்.
அரைநாள் கூலி.
நான் எழுதிய மற்ற எண்களோடு
அதுவும் சேர்ந்துதான் போனது.

எண்ணிக்கை: ஒன்று கூடுதல்.
சன்னல்: அங்கேயே சரிசெய்யப்பட்டது.
மூடிய கதவைப் பற்றி நான்கு வரிகள்,
இரண்டு தடவை அடித்து எழுதினேன்.
லாகி விரல் வைத்துப் படித்தாள்,
அடித்ததையும் சேர்த்து.
கையெழுத்திட்டாள்.
"அடுத்த தடவை நல்ல சாக்ஸ் போட்டுட்டு வாங்க."

வாசலில்
ஒன்பதாவது ஜோடி இருந்த இடத்தில்
உருகிய பனிநீர், ஒரு உள்ளங்கை அகலம்.
பக்கத்தில் என் பூட்ஸ்.
யாரோ அதை
வெளியே பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள்.