ஆறாம் நாளின் நிறம்

படகுக்கு எண் எழுதுகிறவன் நான்.
வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசி அமாவாசைக்கு முன்னால்
மண்டபம் வடக்குத் துறையில்
உப்புக்காளிக்கும் என் கையால்தான் வர்ணம்.
கூலி கிடையாது.
அவரவர் படகுக்கு அடித்த மிச்சத்தை
டப்பாவோடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுவார்கள்.
அப்படித்தான் அவள் சேலை
சவேரியார்பிச்சை விசைப்படகின் பச்சை,
ரவிக்கை
நாகூர்கனி வல்லத்தின் அடிப்பக்கச் சிவப்பு.
முகத்துக்கு மட்டும் புது மஞ்சள்,
அதுவும் கடன்.
எப்படிப் பூசினாலும்
தைக்குள் உப்புக்காற்று மூக்கை உரித்துவிடும்.

இந்த வருடம் பூரணத்தின் போனில் ஒரு பட்டியல் வந்தது.
ஒன்பது நாள், ஒன்பது நிறம்.
எந்த ஊரில் யார் போட்டதென்று தெரியாது.
முதல் நாள் வெள்ளை என்றது ஒரு போன்,
மஞ்சள் என்றது இன்னொன்று.
ஐஸ் கம்பெனிப் பெண்கள் கூடிப் பேசி
மஞ்சளை வைத்துக்கொண்டார்கள்.
மஞ்சள் எல்லாரிடமும் இருந்தது.
ஆரஞ்சுக்கு வழியில்லாத பூரணம்
படகில் கிடந்த மிதவைச் சட்டையை
மாட்டிக்கொண்டே கும்மியடித்தாள்.
அம்மன் சிரித்தாள் என்று
அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள் சாம்பல் என்றிருந்தது.

இங்கே யாரும் அந்த நிறத்தில் சேலை எடுப்பதில்லை.
ஜவுளிக்கடையில் பார்த்ததை விட
கடலில் பார்த்ததுதான் அதிகம்:
விடியலுக்கு முன் விளக்கில்லாமல் வந்து
நம் பாஷையிலேயே
வலையை அறுத்துவிட்டு நில் என்கிற கப்பல்.

'அந்த நிறத்தை எருமைக்குப் பூசுண்ணே'
என்றான் கொட்டுக்காரன் கருமேகம்.
எருமையை எப்போதும் கடைசிக்குத்தான் வைப்பேன்.
பழைய கறுப்பைச் சுரண்டிவிட்டு
ஐந்து நாளாக வெறும் சிமெண்டாக விட்டிருந்தேன்.
எல்லாருக்கும் பிடித்துப்போனது.
எனக்கும்தான், பொய் சொல்வானேன்.
வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு
நீலம் ஒரு துளி சேர்த்ததும்
அசலாக அதே சாம்பல் வந்தது.
பையன்கள் கைதட்டினார்கள்.

சேதுராக்கு அப்போதுதான் கடலிலிருந்து ஏறி வந்தாள்.
இடுப்பில் பாசிச் சாக்கு,
விரல்களில் கிழித்த துணிச் சுற்று.
சேலைக்கு மேலே புருசன் சட்டை.
அது எந்த நிறமாக இருந்ததென்று
வாங்கிய கடைக்காரனே சொல்ல முடியாது,
அப்படி வெளுத்திருந்தது உப்பில்.
பட்டியல்படி வந்தவள்
அன்றைக்கு அவள் ஒருத்திதான்,
அவளுக்கு அது தெரியாது.

டப்பாவைப் பார்த்தாள்.
எருமையைப் பார்த்தாள்.
அதன் முதுகில் அழுந்தி நிற்கிற
காளியின் இடது காலைப் பார்த்தாள்.

'அந்தக் கப்பலுக்குப் பின்னால
கயித்தைக் கட்டித்தான்
எங்க படகை இழுத்துக்கிட்டுப் போனாங்க.
அவரும் அதுலதான இருந்தாரு.
இவ மிதிக்கிறப்ப
கயிறு எங்க இருக்கும்னு யோசிச்சியா?'

கருமேகம் கொட்டை இறக்கி வைத்தான்.
நான் தூரிகையை மண்ணெண்ணெயில் போட்டேன்.
எருமை அப்படியே கிடக்கட்டும் என்று முடிவானது.
சிமெண்டும் சாம்பல்தான் என்பதை
நான் எடுத்துச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி
கொட்டகை விளக்கை அணைத்த பிறகு
செல்போன் வெளிச்சத்தில் ஏணி போட்டு ஏறினேன்.
எட்டுக் கையில் ஏழில் ஆயுதம்.
வெறுமனே விரிந்த கை ஒன்று,
தரையிலிருந்து பார்த்தால் உள்ளங்கை தெரியாது.
அங்கே சின்னதாக,
வெள்ளையில்,
எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்:
எண் எழுதினேன்.

கீழே ஆள் நிற்பது இருமலில் தெரிந்தது.
சேதுராக்கு ஒன்றும் கேட்கவில்லை.
ஏணியில் இரண்டு படி ஏறி
கழுத்தை நீட்டிப் படித்தாள்.

'கடைசி நம்பர் மூணு இல்ல.
எட்டு.'

மூன்றின் இரண்டு வாயையும்
மூடினேன்.