சாம்பலில் இரண்டு

காலை ஆறு பதினொன்றுக்கு
யாரோ என் பட்டனைப்
பதினொரு தடவை அழுத்தியிருக்கிறார்,
நான்கே நொடிக்குள்.
லாகில் பதினொரு வரி.
ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘நல்’.

தமிழில் எழுதினால் நல்ல சேதி மாதிரி இருக்கிறது:
நல்வரவு, நல்வாக்கு, நல்லெண்ணெய்.
அங்கே அதற்குப் பொருள்,
கை நீட்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.

பிளகின் அப்போதுதான் கண் விழிக்கிறது.
ஒன்பதாயிரம் கோப்புகளைத்
தொட்டுத் தொட்டு எண்ணுகிறது.
சர்வரைக் கூப்பிட்டுவிட்டு
பதிலுக்குக் காது கொடுத்திருக்கிறது.
அதற்குள் டூல்பாரில் இந்தப் பட்டன்,
உலை கொதிக்கும் முன்பே
பந்திக்கு வாங்க வாங்க என்கிற ஆள் போல
பளிச்சென்று நிற்கிறது.

நிற்கவைத்தவள் நான்தான்.

கோத்தகிரி, டானிங்டன், பெயிண்ட் கடை மாடி.
மின்சாரம் போய் வந்த இடைவெளியில்
ஒரு கொடி நட்டேன்.
‘தயாரா?’ என்று அதன் பெயர்.
பொய்யில் பிறக்கும்,
எண்ணி முடித்ததும் மெய்யாகும்.
அதுவரை பட்டன் சாம்பல்.

ஐடிஇ அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும்:
அழுத்தவிடலாமா? இப்போது? இப்போது?
அந்த வாசலில் நின்று யோசிக்கக் கூடாது,
யோசித்தால் திரை மொத்தமும் உறையும்.
கொடியைப் பார், பதில் சொல், விலகு.
எண்ணுகிற வேலை கொல்லைப்புறத்தில்,
வேறு இழையில்.

ஜன்னலுக்கு வெளியே
சாம்பல் நிறத்தில் மூடுபனி.
ஒப்பிட மாட்டேன்.
பனி யாருக்காகவும்
எதையும் எண்ணி முடிப்பதில்லை.

அனுப்பிவிட்டு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.
மூன்றாம் நாள் உக்கடத்திலிருந்து ஷஃபீனா:
“அக்கா, ஒருத்தருக்குப் பட்டன் செத்துப்போச்சு.”
அவருடைய பழைய மெஷினில்
எண்ணிக்கை பாதியில் முறிந்திருக்கிறது.
கொடி பொய்யாகவே நின்றிருக்கிறது.
மனுஷன் சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்திருக்கிறார்.
சாயங்காலமும் சாம்பல்.

வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போக
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.
இன்ஜின் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை.
கண்டக்டர் ஜோகிராஜ் டிக்கெட் மெஷினைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வெளியே மழையில், காதில் போனோடு.
காசு நீட்டியவரிடம் கையைக் காட்டினார்:
“பொறுங்க, குஞ்சப்பனையிலிருந்து சொல்லட்டும்.”

கேரட் மூட்டைக்காரி,
கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வைத்திருந்த ஒருவர்,
சிப்ஸ் தின்னும் இரண்டு பையன்கள், நான்.
நாற்பது நிமிஷம்
ஒரே அதிர்வில் குலுங்கிக்கொண்டிருந்தோம்.

போன் வந்தது.
படியில் ஏறி நின்று சொன்னார்:
“மண் சரிஞ்சிருக்கு. இன்னிக்கு இந்த வழி இல்ல.
அவசரம்னா குன்னூர் சுத்திப் போங்க,
அந்த வண்டி அதோ நிக்குது.”

ஒருவர் மட்டும் திட்டினார்.
மூட்டை இறங்கியது, கண் சீட்டு இறங்கியது,
பையன்கள் சிப்ஸ் கவரோடு ஓடினார்கள்.
இன்ஜினை அணைத்தார்கள்.
மழை அப்போதுதான் கேட்டது.

நான் இறங்கவில்லை.
லேப்டாப்பை மடியில் விரித்துக்
கொடியைப் பிடுங்கினேன்.
மெய், பொய் இரண்டு போதாது.
தயாராகிறது.
தயார்.
முடியவில்லை: காரணம் இது, மறுபடி முயல இங்கே.

பொறு என்பதும் வராது என்பதும்
ஒரே சாம்பலில் இருந்தது என் பிழை.
அதைச் சொல்ல ஒரு வரி வேண்டும்,
சுட்டியைக் கொண்டுபோனால் தெரிகிற சின்ன வரி.
அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.
“தயவுசெய்து” போட்டேன், எடுத்தேன்.

திங்கள் லாகைத் திறந்தேன்.
ஆறு பதினொன்றுக்கு அதே ஆள் வந்திருக்கிறார்.
அழுத்தினாரா தெரியாது,
சாம்பல் பட்டன் எதையும் எழுதிவைக்காது.
ஆறு பன்னிரண்டுக்குத் தயார்.
ஆறு இருபத்தெட்டுக்கு
ஒரே ஒரு அழுத்தல்.

நடுவில் எங்கே போயிருந்தார்
என்று அதில் இல்லை.